குடிக்கூலியும் அறை வாடகையும்: அயலகத்தில் வீட்டால் பிழைப்போரின் சொல்லும் பொருளும்



மொழியியல் உரை என்றதும் ஒலியனையும் உருபனையும் எதிர்பார்த்து வந்தோர்க்கு இன்றைய பொருள் சற்றே வியப்பளிக்கலாம். பிறந்த நாட்டை விட்டு வந்து, வீடொன்றை வாங்கி, அதன் அறைகளை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் குடும்பத்தை நடத்துவது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் மேற்கொண்டுள்ள பிழைப்பு வழிகளுள் ஒன்று. அறையில் வந்து தங்குபவரும் பல வேளைகளில் கடல் கடந்து வந்தவரே. அடுத்தடுத்த அறைகளில் உறங்கும் இவ்விருவரையும் பிணைத்து நிறுத்துபவை சில சொற்கள். அச்சொற்களுக்கு நுட்பமான தமிழ் வடிவங்கள் உள்ளன. எனினும் அவை நம் வகுப்பறைக்கும் வரவில்லை. ஒப்பந்தத் தாளுக்கும் வரவில்லை. இதனால் நேரும் இழப்பு மொழியோடு நிற்பதில்லை. முன்பணத்தையும் உறைவிடத்தையும் தொடுகிறது. இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பழைய சொற்கள் காட்டும் உறவு

‘வாடகை’ என்பது வடமொழிவழி வந்த சொல் என்பர். வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையைக் குறிக்கத் தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கியது ‘குடிக்கூலி’. உழைப்புக்குத் தருவது கூலி. வண்டிக்குத் தருவதும் கூலி. குடியிருப்பதற்குத் தருவது குடிக்கூலி. வீடும் உழைக்கிறது, அவ்வுழைப்புக்கு ஊதியம் உண்டு என்னும் பார்வை இச்சொல்லுள் அடங்கியுள்ளது. ‘குடி’ என்னும் முதனிலையோ இன்னும் விரிந்த பொருளுடையது. வீடு, குடும்பம், குலம், நாட்டு மக்கள் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். குடியிருப்பு, குடியேற்றம், குடியுரிமை என்னும் மூன்று சொற்களும் அவ்வொரு வேரிலிருந்து கிளைத்தவை. அயலகத்துக்கு வந்த ஒருவரின் வாழ்க்கை வரிசையும் பெரும்பாலும் இதுவே: முதலில் ஓர் அறை, பின்னர் நிரந்தரவாசத் தகுதி, அதன்பின் குடியுரிமை.

பிறர் வீட்டின் ஒரு பகுதியில் வாழ்வதைச் சென்னை வழக்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்றது. ஒண்டுதல் என்பது இடம் பற்றாத நிலையில் ஒதுங்கி அண்டியிருத்தல். மலாயில் ‘தும்பாங்’ என்னும் சொல் இதற்கு மிக நெருங்கியது. பிறர் வண்டியில் இசைவு பெற்று ஏறிச் செல்வதையும், பிறர் வீட்டில் இசைவு பெற்றுத் தங்குவதையும் அது ஒருங்கே குறிக்கும். ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம்’ என்னும் பழமொழி வீட்டுக்காரரின் அச்சத்தைப் பேசுகிறது. தங்க வந்தவரின் அச்சத்தைப் பேசுவது ‘துச்சில்’ என்னும் பழஞ்சொல். ஒதுக்கிடம் என்று இதற்குப் பொருள் கொள்வர். திருக்குறளின் நிலையாமை அதிகாரத்துக் கடைசிக் குறளில் இச்சொல், நிலையான வீட்டைக் குறிக்கும் ‘புக்கில்’ என்பதோடு எதிர்நிலையில் வருகிறது. உடம்பில் உயிர் தங்கியிருக்கும் நிலையை விளக்க, இரவல் மூலையில் ஒதுங்கியவரின் நிலையை அக்குறள் எடுத்துக்கொள்கிறது. அந்நிலையை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே போதிய சான்று.

பண ஏற்பாட்டிலும் தமிழ் வேறுபாடு காட்டும். மாதந்தோறும் தருவது வாடகை. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவது போக்கியம். நீண்ட காலத்துக்கு நிலத்தையோ கட்டடத்தையோ பயன்கொள்ளப் பெறுவது குத்தகை.

கிட்டங்கியும் கடைவீடும்

சிங்கப்பூரில் தமிழர் இடத்தைப் பகிர்ந்து பொருளீட்டிய வரலாற்றைச் சொல்லக் ‘கிட்டங்கி’ என்னும் ஒரு சொல் போதும். செட்டித் தெரு எனத் தமிழர் அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் நடத்திய கடைவீடுகளுக்கு இப்பெயர் வழங்கியது. ஒரே கூடத்தில் பல வட்டித்தொழில் நிறுவனங்கள் இடம்பெற்றிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, சிறிது தரைப்பரப்பு. பகலில் தொழில் நடந்த இடமே இரவில் படுக்கையாயிற்று. அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அங்கேயே உண்டு உறங்கினர். தேங் ரோட்டில் 1859-இல் குடமுழுக்குக் கண்ட தெண்டாயுதபாணி கோயிலோடு இக்கிட்டங்கி வாழ்வு இணைந்திருந்தது. நகரச் சீரமைப்பின்போது மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகள் மறைந்தன.

கிடங்கு என்னும் சொல் சங்க இலக்கியத்தில் அகழியைக் குறித்தது. பின்னர்ப் பண்டகசாலையைக் குறித்தது. மலாய்மொழியின் ‘குடாங்’, ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ ஆகியவற்றை அறிஞர் இத்திராவிடச் சொற்குடும்பத்தோடு தொடர்புபடுத்துவர். சரக்கு வைக்கும் இடத்தின் பெயர் மனிதர் தங்கும் இடத்துக்கு ஆகிவந்ததை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். ஊரில் மனைவி மக்களை விட்டு வந்த ஆடவர்க்கு அயலகத்தில் வீடு தேவைப்படவில்லை, கிடங்கே போதுமானதாயிற்று.

போருக்குப் பின்வந்த காலம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1947-இல் சிங்கப்பூரில் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகை உயராமல் தடுத்தது. சைனாடவுன் கடைவீடுகளில் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்த தலைமைக் குடியிருப்பாளர், மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாக்கி உள்வாடகைக்கு விட்டார். உரிமையாளர் பெற்றது கட்டுப்படுத்தப்பட்ட வாடகை. இடையில் நின்றவர் பெற்றது அறைதோறும் வந்த வாடகை. வீடு சொந்தமில்லாதவரும் வீட்டால் பிழைக்கலாம் என்பதை அன்றே அவர்கள் காட்டினர். காற்றும் வெளிச்சமும் புகாத தடுப்பறைகளில் ஒரு குடும்பமே வாழ்ந்தமையையும் உடன்கூற வேண்டும். இக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2001-இல் முற்றிலும் நீங்கியது. இதற்கிடையே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1964-இல் வீட்டுரிமைத் திட்டம் வந்தது. வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்காரர் ஆனார்.

இன்றைய வீட்டுக்காரரின் கணக்கு

இன்று தமிழகத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் நிரந்தரவாசியான ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்வோம். கழகத்தின் புதிய வீட்டை அவர்கள் வாங்க இயலாது. நிரந்தரவாசத் தகுதி பெற்று 3 ஆண்டுகள் கழிந்தபின் மறுவிற்பனை வீட்டை வாங்கலாம். முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி உண்டு. நிரந்தரவாசியல்லாத வெளிநாட்டவர் தனியார் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் 27 முதல் அவ்வரி 60 விழுக்காடு. நிரந்தரவாசிகள் கழக வீடு முழுவதையும் வாடகைக்கு விட இயலாது, அறைகளை விடலாம். விடும்போது தாமும் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும். ஒவ்வொரு வாடகைக் காலமும் 6 மாதத்துக்குக் குறையலாகாது. தனியார் வீட்டுக்கு அவ்வெல்லை 3 மாதம்.

கணக்கு விளங்குவதற்காக, அறை ஒன்றுக்கு மாதம் 900 வெள்ளி எனக் கொள்வோம். இரண்டு அறைகளால் ஆண்டுக்கு 21,600 வெள்ளி வரும். பெயர்ப்பலகையில் காணும் தொகை இது. கைக்கு வருவது வேறு. ஓர் அறை ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 900 வெள்ளி குறையும். முகவர் தரகு, குளிர்சாதனப் பழுது, மின்கட்டணம், நகர மன்றக் கட்டணம் ஆகியன தொடரும். வருமான வரிக்கு, கடன் வட்டியைக் கழிப்பதோடு, மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகச் சான்றின்றிக் கழித்துக்கொள்ள இசைவுண்டு. 21,600-க்கு அது 3,240 வெள்ளி. வாடகை வருவாயை அறிவிக்க வேண்டிய கடமை மட்டும் மாறாது.

இங்கே ஒரு சொல்லை உற்றுநோக்குவோம். கழக வீட்டை ‘வாங்கினோம்’ என்கிறோம். ஆவணத்தில் அது 99 ஆண்டுக் குத்தகை. ஆகவே அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் தாமே ஒரு குத்தகைதாரர். ஆண்டுகள் குறையக் குறைய அவர் கையிலுள்ள பொருளும் குறைகிறது. ‘வாங்கினோம்’ என்னும் வினையை மட்டும் நம்பி, முதுமைக்காலம் முழுவதையும் அறை வாடகையின்மேல் வைப்பவர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம். மலேசியாவில் இவ்வேறுபாடு சட்டத்திலேயே எல்லையிடப்பட்டுள்ளது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி 3 ஆண்டுக்கு மேற்பட்டது பதிவுசெய்ய வேண்டிய குத்தகை. அதற்குட்பட்டது பதிவு வேண்டாத வாடகை. இரண்டையும் ‘லீஸ்’ என்று பேச்சில் ஒன்றாக்குபவர் ஒரு சொல்லோடு ஓர் உரிமையையும் இழக்கக்கூடும்.

கையொப்பமிடும் தாள்

வீட்டுக்காரரும் தமிழர், குடியிருப்பவரும் தமிழர் என்றாலும், இருவரும் கையொப்பமிடும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதே வழக்கம். அதில் வழக்குக்கு இடமாகும் மூன்று தொடர்களைக் காண்போம்.

முதலாவது ‘இயல்பான தேய்மானம்’. சுவரின் நிறம் மங்குவதும், தரையில் நடந்த தடம் படிவதும் தேய்மானம். அதற்குக் குடியிருப்பவர் பொறுப்பாகார். சுவரில் ஆணியடித்துக் காரை பெயர்வது சேதம். அதற்கு அவரே பொறுப்பு. முன்பணத்தில் பிடித்தம் செய்வது பற்றிய பூசல்கள் பல இவ்விரு சொற்களுக்கு இடையில்தான் பிறக்கின்றன. சிங்கப்பூரில் ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைப் பூசல்களைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. வேலையாள் ஒருவர் தம் ஒரு மாத முன்பணத்தைக் கேட்டு அங்கே செல்லலாம். முதலில் அவருக்கு இவ்விரு சொற்களும் பிரித்துத் தெரிய வேண்டும்.

இரண்டாவது ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ எனப்படுவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தூதரகக் கூறு’ ஆகும். கேட்பவர் தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கடந்துபோவார். உண்மையில் அது வெளிநாட்டு ஊழியர் வேலை இழந்தாலோ, வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ, உரிய முன்னறிவிப்புத் தந்து ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேற வழிசெய்யும் கூறு. இதனை ‘இடைவிலகல் கூறு’ எனலாம் என்பது நம் பரிந்துரை. அக்கூறு ஒப்பந்தத்தில் இல்லையெனில், வேலையிழந்தவர் எஞ்சிய மாதங்களின் வாடகைக்கும் பொறுப்பாளியாக நேரலாம்.

மூன்றாவது ‘இலேசான சமையல் மட்டும்’ என்பது. எதற்கும் வரையறை தேடும் ஒப்பந்தத்தில் வரையறையே இல்லாத தொடர் இது. வெந்நீர் வைப்பது இலேசானது. கடுகு தாளிப்பது எதில் சேரும்? சிங்கப்பூரில் வாடகை விளம்பரங்கள் சில இந்தியர் வேண்டா என்று வெளிப்படையாகவே அச்சிட்டமை செய்தித்தாள்களில் பன்முறை பேசப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் சமையல் மணமும் ஒன்று. அதனைக் கண்டு வருந்தும் நாம், நம்மவர் இடும் அறிவிப்புகளில் ‘சைவம் மட்டும்’, ‘இன்ன ஊரார்க்கு மட்டும்’ என வரும் வரிகளையும் அதே கண்ணால் படிக்க வேண்டும். எந்தப் பாத்திரம், எந்த நேரம், எந்த அளவு என்று முன்னரே சொற்களால் பேசி எழுதிக்கொண்டால், ஆளின் இனத்தைக் கேட்க வேண்டிய தேவை எழாது.

தமிழில் ‘நாம்’ முன்னிலையாரை உளப்படுத்தும்; ‘நாங்கள்’ விலக்கும். மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என இவ்வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. அறைக்கு வந்தவரிடம் வீட்டுக்காரர் ‘எங்கள் சமையலறை’ என்கிறாரா, ‘நம் சமையலறை’ என்கிறாரா என்பதைக் கேட்டாலே, அங்கே அடுப்பு யாருக்கு எவ்வளவு உரியது என்பது புலப்படும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தமிழாசிரியர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. உயர்நிலை வகுப்பில் ஒரு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, அதன் பத்துக் கூறுகளை மாணவர்கள் எளிய தமிழில் எழுதட்டும். முன்பணம், தேய்மானம், சேதம், முன்னறிவிப்பு, உள்வாடகை, இடைவிலகல், பொருட்பட்டியல், பற்றுச்சீட்டு ஆகிய எட்டுச் சொற்களையும் தெளிந்து பயன்படுத்தப் பழகட்டும். ஒருவர் வீட்டுக்காரராகவும் மற்றொருவர் குடியிருப்பவராகவும் நின்று உரையாடட்டும். பின்னர் இடம் மாறிப் பேசட்டும். சட்டத்தின்முன் நிற்பது கையொப்பமிட்ட ஆங்கிலத் தாளே. தமிழ் வடிவம் விளங்கிக்கொள்வதற்கே. இவ்வரம்பையும் மாணவர்க்குச் சொல்லித்தர வேண்டும்.

தமிழ் வீட்டில் பேசும் மொழி, விழாவில் முழங்கும் மொழி என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். வீடு என்று சொல்லிவிட்டு, அவ்வீட்டின் வாடகையையும் முன்பணத்தையும் சாவியையும் தமிழில் பேச இயலாதிருப்பது முரண். படிப்புக்கோ பணிக்கோ நாளை வேறொரு நாட்டில் அறை தேடப் போகும் மாணவர் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். ஒரு நாள் உங்கள் வீட்டு அறைக்கு ஒருவரைத் தேடுவோரும் இருப்பீர்கள். எந்தப் பக்கம் நின்றாலும், கையொப்பமிடுமுன் ஒவ்வொரு கூற்றையும் உங்கள் மொழியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல இயலாத கூறு எதுவோ, அதனைக் கேட்டுத் தெளியுங்கள்.