கல்விக்கண் திறந்தோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பினைப் பலமுறை பேசியிருக்கின்றோம். அது மறுக்கப்பட்ட மக்கள் எவ்வாறு அதனைப் பெற்றனர் என்பது குறித்து இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என 1847-இல் சட்டம் இயற்றினர். பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் அம்மக்களும் படைவீரராகப் பணியாற்றினர். போர் முடிந்தபின், ஒரு படைப்பிரிவினர் தம் ஊதியத்திலிருந்து 5,000 டாலரும், மற்றொரு பிரிவினர் ஏறத்தாழ 1,400 டாலரும் திரட்டி அளித்தனர். அப்பணத்தால் ஜெபர்சன் நகரில் 1866-இல் ஒரு பள்ளி எழுந்தது. பின்னாளில் மாநில அரசு அதனை ஏற்றது. 1921-இல் அது லிங்கன் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது.

கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். அதனையொத்த வரலாறு நம் அண்டையிலேயே உண்டு. கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம் செல்லும் திசையில் உள்ள ஊர் வெங்கானூர். அங்கு 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. அவருக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. எனினும் தம் மக்களின் பிள்ளைகளுக்காக 1904-இல் ஒரு குடிப்பள்ளிக்கூடம் கட்டினார். எதிரிகள் அதனைத் தீக்கிரையாக்கினர். அவர் மீண்டும் எழுப்பினார்.

அரசுப் பள்ளிகளில் சேர்க்க ஆணை பிறந்தும் கதவுகள் திறக்கவில்லை. உழைப்பாளர் வயலில் இறங்க மறுத்தனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாவிடில் நாற்று நடப்படாது என்றனர். பசியால் வாடிய அவர்களுக்கு விழிஞ்ஞத்து மீனவர் துணை நின்றனர். பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியையே கொளுத்தினர். இன்று அப்பள்ளி அவ்விருவரின் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

1912-இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக அமர்ந்து தம் மக்களுக்காக வாதாடினார். சபை கூடிய வி.ஜே.டி. மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் ஆயிற்று. 1937-இல் காந்தியடிகள் வெங்கானூர் வந்தபோது, தம் மக்களில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்ட பின்னரே கண்மூட வேண்டும் என்று தம் ஆசையைக் கூறினார். அவர் 1941-இல் மறைந்தார். 1943-இல், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த கே. ஆர். நாராயணன் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறினார். 1997-இல் அவர் குடியரசுத் தலைவரானார்.

அன்பர்களே! அந்நாளில் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரின் பகுதியே. அன்று பள்ளிக்குள் அமர்ந்தவர்களிலும் தமிழர் இருந்தனர். வெளியே நின்றவர்களிலும் தமிழர் இருந்தனர். ஆதலின் இது நம் வரலாறும் ஆகும்.

இன்று நம் பிள்ளைகள் பரிசு பெறுவது கண்டு மகிழ்கின்றோம். நம் வீதியைக் கூட்டவும், வீட்டு வேலை செய்யவும் வரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர்? எந்த வகுப்போடு நின்றுவிட்டனர்? இதனைக் கேட்டறிந்தோமா? இவ்விழாவிற்கு அவர்களை அழைத்தோமா? தம் கூலியில் பள்ளி கட்டிய படைவீரரையும், எழுத்தறியாமலே பள்ளி எழுப்பிய பெரியவரையும் நினைக்கும் நாம், அடுத்த ஆண்டு விழாவிற்குள் அப்பிள்ளைகளுள் ஒருவரும் கல்வியை இடையில் விடாதவாறு காப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!