பல் வைத்தியக் கணக்குத் தொழிலும் நம் வாலிபர்களும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகும் விஷயம், நம்மவர் இல்லங்களில் அடிக்கடி அடிபடும் ‘பில்லிங்’, ‘கோடிங்’ என்னும் உத்தியோகமாகும். பெரம்பலூர் ஜில்லாவில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூர் ஜில்லாவில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் உள. எனினும் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் அனைவர்க்கும் இவை ஜீவனம் அளிக்கப் போதா. ஆதலின் பலர் சென்னைக்கும் திருச்சிக்கும் சென்று இத்தொழிலை நாடுகின்றனர். இதற்கான பயிற்சிப் பணத்திற்காகக் காணியை அடகு வைக்கலாமா என்று எண்ணும் பெற்றோரும் உளர். அது தகுமா என்பதே நாம் ஆராயவேண்டுவது.

முதற்கண் இத்தொழில் இன்னதென்று அறிதல் வேண்டும். அமெரிக்காவில் பல் இன்ஷ்யூரன்ஸ் உள்ள ஒருவர் சிகிச்சை பெற்றால், கட்டணத்தில் ஒரு பகுதியை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். அதனைக் கோரி அனுப்பும் விண்ணப்பத்தில், செய்த சிகிச்சையை அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் வகுத்த குறியீட்டால் குறித்தல் வேண்டும். 1969-ல் முதன்முதல் வெளிவந்த இக்குறியீடுகள் இப்பொழுது ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் திருத்தம் பெறுகின்றன. பல்லைச் சாதாரணமாகப் பிடுங்கினால் டி7140. எலும்பைச் செதுக்கியோ பல்லைத் துண்டித்தோ எடுத்தால் டி7210. இரண்டிற்கும் கட்டணம் வேறு. பல்லின் எண்ணும் அவ்வாறே. வலப்பக்க மேல்வரிசையின் கடைசிப் பல்லை நம் நாட்டு வைத்தியர் 18 என்பர். அமெரிக்கர் 1 என்பர். ஓர் எண் பிழைத்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். குறியீட்டைத் தெரிந்து இடுவது கோடிங். விண்ணப்பித்துப் பணத்தை வசூலிப்பது பில்லிங்.

இனிச் சம்பளத்தைப் பார்ப்போம். அமெரிக்க அரசாங்கக் கணக்கின்படி, அந்நாட்டில் மருத்துவப் பதிவேட்டு வேலை செய்வோரின் நடுத்தர வருஷச் சம்பளம் 2023-ல் 48,780 டாலர். அவ்வேலையை இங்கே மிகக் குறைந்த செலவில் முடிக்கலாம் என்பதாலேயே அது கடல் கடந்து வருகிறது. நம் நாட்டில் புதிதாய்ச் சேர்வோர்க்கு மாதம் சுமார் ரூ.15,000 முதல் ரூ.20,000 வரை கிடைக்கும் இடங்களே மிகுதி. அதில் பிராவிடெண்டு பண்டு கழியும். விடுதி வாடகையும் உணவும் கழியும். மிஞ்சுவதே வீட்டிற்கு வரும். வட்டிக்கு வாங்கிய பெருந்தொகையை இம்மிச்சத்தால் அடைப்பது எளிதன்று.

எனின், இத்தொழிலில் உயர்வே இல்லையோ எனில், உண்டு. 1988-ல் தோன்றிய ஏ.ஏ.பி.சி. என்னும் அமெரிக்க ஸ்தாபனம் சி.பி.சி. என்ற பரீட்சையை நடத்துகிறது. 100 வினாக்கள், 4 மணி நேரம். தேறியோர்க்கும், பிழையின்றி உழைப்போர்க்கும் தணிக்கையாளர், குழுத் தலைவர், பயிற்சியாளர் என்னும் பதவிகள் உண்டு. ஆயின் இப்பரீட்சை பொது வைத்தியத்தைச் சார்ந்தது. பல் வைத்தியக் குறியீடு தனி. பல் வைத்தியத் துறை சிறிது. ஆகவே இரண்டையும் கற்றவர்க்கே வழி அகலும். மேலும், எளிய குறியீடுகளை இடும் வேலையை இப்பொழுது கம்ப்யூட்டரே செய்யத் தொடங்கிவிட்டது. வைத்தியரின் குறிப்பை வாசித்துப் பொருளுணரும் அறிவே இனி நிலைக்கும்.

பெற்றோர் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்டல் வேண்டும். பயிற்சிக் கூடத்தார் ‘வேலை நிச்சயம்’ என்றால், அதை எழுத்தில் தருவார்களா? கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? வேலை பகலிலா, இரவிலா? கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியுடன் டெலிபோனில் பேசுவதோ இரவு வேலை; நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30 ஆகிறது. பெண்மக்களை அனுப்புவோர், வீடு சேர்க்கும் வண்டி உண்டா என்றும் விசாரித்தல் வேண்டும். வேலைக்கென்று எவர்க்கும் பணம் கொடாதீர்கள். அசல் சர்ட்டிபிகேட்டுகளை ஈடாக ஒப்படையாதீர்கள்.

நிற்க. நம் சங்கத்தார் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணத்தை வட்டியின்றிக் கடனாக அளித்து, வேலை கிடைத்தபின் தவணையாகப் பெறுதல். மற்றொன்று, இத்தொழிலில் ஏற்கெனவே அமர்ந்துள்ள நம்மவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையோர்க்குப் பாடம் சொல்லுதல். இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

பரீட்சையில் தவறினால் மறுமுறை எழுதலாம். கைமாறிய காணி மீள்வது அரிது. இதனை ஒவ்வொரு குடும்பத்தாரும் சிந்திப்பாராக.