வடதுருவ ஆறும் மாணவர் ஆராய்ச்சியும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களுக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் ஓடும் ஓர் ஆற்றையும், அதில் சீசாவும் கையுமாய் நீர் எடுக்கப் போன கல்லூரி மாணவர்களையும் பற்றிச் சொல்லப் போகிறோம். "இதனால் நமக்கென்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முடிவில் அதற்கு வருவோம்.

அந்த ஆற்றின் பெயர் கோலிமா. அதற்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலம் முழுவதும் அடியில் எக்காலமும் உறைந்து கிடக்கும் மண்ணாகும். அப்படிப்பட்ட ஆறுகளில் உலகத்திலேயே பெரியது அதுதான். பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் மடிந்த புல்லும், பூண்டும், மிருகங்களும் அம்மண்ணில் முற்றும் மக்காமல் கிடக்கின்றன. வட பிரதேசங்களின் உறைமண்ணில் இவ்வாறு அடங்கியுள்ள கரி சுமார் 1,50,000 கோடி டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகாயத்தில் உள்ள கரியைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு! பூமி சூடாகி அந்த மண் இளகினால், கரை சரிந்து அதெல்லாம் நீரில் கலக்கும். கிருமிகள் அதைத் தின்னும். கரியமில வாயு வெளிவரும். அவ்வாயு பூமியை இன்னும் சூடாக்கும்.

இது எவ்வளவு, எத்தனை வேகத்தில் நடக்கிறது என்பதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட முடியுமா? இதை நேரில் அறிவதற்காகவே அமெரிக்க விஞ்ஞானி மாக்ஸ் ஹோம்ஸ் 2008-ம் வருஷத்தில் 'போலாரிஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இன்னும் பட்டம்கூடப் பெறாத மாணவர்களைக் கோலிமாக் கரையிலுள்ள செர்ஸ்கி என்னும் ஊருக்கு அழைத்துப் போனார். செர்கேய் ஜிமோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது.

அங்கே மாணவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஜூலை மாதத்தில் சூரியன் அஸ்தமிப்பதில்லை. நடுராத்திரியும் பகலாக இருக்கும்போது தூக்கம் எங்கிருந்து வரும்? கொசுவோ முகத்தில் வலை போடாமல் வெளியே தலைகாட்ட விடாது. நடந்தால் மேலே பஞ்சு போன்ற பாசியில் கால் புதையும். சற்றுக் கீழே தோண்டினால் கல் போன்ற பனிமண் கம்பியை எதிர்த்து நிற்கும். இவ்வளவும் பட்டு அவர்கள் செய்த வேலை என்ன? சீசாவை அந்த ஆற்று நீராலேயே பல தடவை அலசி, நீரைப் பிடித்து, மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, இடமும் நேரமும் எழுதி, குளிரில் பத்திரப்படுத்துவதுதான். சீசாவின் உட்புறம் விரல் பட்டுவிட்டால், விரலின் அழுக்கும் ஆற்றின் கரியாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஆகையால் அவர்கள் இன்னொரு சீசாவும் வைத்துக்கொண்டார்கள். அதில் ஆற்று நீர் கிடையாது, சுத்தமான நீர்தான். அதையும் அதே கையால், அதே வடிகட்டியில் வடித்தார்கள். அதில் கரி தென்பட்டால் குற்றம் ஆற்றினுடையதல்ல, நம் கையினுடையது என்று அர்த்தம். தோழர்களே! நமக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது சீசாதான். நாம் பள்ளியில் அதிகம் படித்தவரல்ல. படித்த கொஞ்ச நாளிலும் கேள்வி கேட்டதற்குப் பிரம்படிதான் வாங்கினோம். வாத்தியார் சொன்னது சரியா என்று பார்க்க அப்படி ஒரு சீசாவை நமக்கு யாரும் கொடுத்ததில்லை.

நிற்க, கண்டது என்ன? கோலிமாக் கரையில் டுவான்னி யார் என்னுமிடத்தில் உறைமண் இளகி வழியும் நீரைச் சோதித்து 2013-ம் வருஷத்தில் முடிவு வெளியிட்டார்கள். இருபதினாயிரம் வருஷத்திற்கு மேற்பட்ட அந்தப் பழங்கரியில் மூன்றில் ஒரு பங்கு 14 நாளில் தீர்ந்துபோயிற்று. ஆனால் பேராற்றின் முகத்துவாரத்தில் பார்த்தால் நீரில் கரைந்திருக்கும் கரி பெரும்பாலும் புதியதாகவே தெரிகிறது. அப்படியானால் பழங்கரி வெளிவரவில்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சிறு ஓடைகளிலேயே கிருமிகள் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன என்று 2015-ம் வருஷத்து ஆராய்ச்சி காட்டிற்று. முகத்துவாரத்தில் மட்டும் சீசாவை முக்கியிருந்தால் நாம் ஏமாந்தே போயிருப்போம். கொசுக்கடியோடு சிற்றோடையில் இறங்கிய கால்களின் அருமை இதுதான்.

பின்னர் அத்திட்டத்தின் மாணவர்கள் அலாஸ்காவிலுள்ள யூக்கான், கஸ்கோக்விம் ஆறுகளின் டெல்டாவுக்குப் போகலாயினர். 2022-ம் வருஷத்தில் ரஷ்யா யுக்ரேன்மீது படையெடுத்தபின், ரஷ்ய நிலையங்களுக்கும் மேல்நாட்டு விஞ்ஞானிகளுக்கும் இருந்த கூட்டுவேலை பெரும்பாலும் அறுந்துபோயிற்று. வடதுருவ நிலத்தில் ஏறக்குறையப் பாதி ரஷ்யாவில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பாராமல் மீதியைக்கொண்டு மட்டும் முடிவு சொன்னால் அது சரியாக இருக்குமா? யோசித்துப் பாருங்கள்! பீரங்கி முழங்குகிறதென்று மண் இளகுவதை நிறுத்திக்கொள்ளுமா? எல்லைக் கல்லைக் கண்டு கரியமில வாயு திரும்பிப் போகுமா?

லாபம் என்ன என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அந்த வாயு எல்லாருடைய ஆகாயத்திலும் கலக்கிறது. அதன் கணக்கு எல்லாருக்கும் வேண்டும். அக்கணக்கைத் தருபவர்கள் பட்டமும் பதவியும் பெற்ற பெரியவர்கள் மட்டுமல்ல. சேற்றில் நின்று, தன் கையையே சந்தேகித்து, கண்டதைக் கண்டபடி எழுதிய இருபது வயதுப் பிள்ளைகளுமாவார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை ஒரு கேள்வி கேட்டால் அடிக்காதீர்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி செய்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.