வெட்டவெளி அடுப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எனக்கு முன் பேசிய அன்பர்கள் ஆழ்வார்களின் திருவேங்கடப் பற்றைக் குறித்தும், வடவேங்கடத்தை எல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரத்தைக் குறித்தும் அழகுறப் பேசினார்கள். அந்த உயரத்திலிருந்து உங்களை அடுப்படிக்கு இறக்கிக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு வாய்த்திருக்கிறது. புரட்டாசித் திங்களில் நாம் நடத்தும் அன்னப் பந்தலுக்குப் புதிய எரிவாயு அடுப்பு வாங்குவது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. எவ்வகை அடுப்பு வாங்கலாம் என்று ஆய்ந்து சொல்லும்படி என்னைப் பணித்தார்கள். சென்ற புரட்டாசியில் நிகழ்ந்த விபத்துக்குக் காரணம் நானே ஆதலால், இப்பணி எனக்கு வந்தது ஒருவகையில் தண்டனை, ஒருவகையில் நியாயம்.

அந்த விபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் பலவாறு கேள்விப்பட்டிருப்பீர்கள்.

திருத்தணி, நகரி, புத்தூர், வடமாலைப்பேட்டை வழியாகக் கால்நடையாக வரும் தமிழ்நாட்டு அடியார்கள் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார்கள். விடியற்காலையில் நம் பந்தலை அடைவார்கள். அதற்குப் பிறகும் அலிபிரியில் 3,550 படிகள் அவர்களுக்குக் காத்திருக்கின்றன. ஆகவே பொழுது விடியுமுன் சுக்குநீரும் கதம்ப சாதமும் ஆயத்தமாக வேண்டும். சாலையோரத் திடலில், கூரையில்லாத இடத்தில், இருட்டில் நடக்கும் சமையல் அது. முன்பெல்லாம் நிலத்தை நீளவாட்டில் தோண்டிக் குழியடுப்பு அமைத்து விறகு எரிப்போம். அப்பள்ளம் காற்றைத் தடுத்தது. தணல் அண்டாவின் அடி முழுவதையும் ஒருசேரத் தழுவியது. விறகடுப்பை நாம் இகழ வேண்டியதில்லை. திருமலைக் கோயில் மடைப்பள்ளியாகிய போட்டில்கூட 1984 வரையில் விறகுதான் எரிந்தது. அதன் பிறகே எரிவாயு வந்தது. ஆயினும் புகையில் சமையற்காரரின் கண்கள் படும் பாட்டைக் கண்டும், ஈர விறகோடு மல்லாடி அலுத்தும், நாமும் வாயுவுக்கு மாறினோம்.

மாறியபோது நான் செய்த பிழை யாதெனில், புதிய அடுப்பைப் பழைய குழிக்குள்ளேயே இறக்கி வைத்தேன். காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று எண்ணினேன். நான்கைந்து நாள் ஒரு குறையும் இல்லை. ஒரு விடியற்காலையில் கீழைக்காற்று வீசியது. சுடர் அணைந்ததை யாரும் காணவில்லை. சற்றுப் பொறுத்து அண்டாவைக் கிளறக் குனிந்த சமையற்காரர், "ஐயா, ஏதோ வாடை வருகிறதே" என்றார். நின்றுகொண்டிருந்த எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. "சாலையில் ஏதாவது லாரி போயிருக்கும்" என்று சொல்லி, அணைந்திருந்த அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை நானே அவர் கையில் கொடுத்தேன்.

குழி முழுவதும் ஒரே கணத்தில் தீப்பிழம்பாயிற்று. அவர் துள்ளி விலகியதால் முகம் தப்பியது. வலக்கை முழங்கை வரை வெந்துவிட்டது. மூன்று வாரம் அவர் கரண்டி பிடிக்கவில்லை.

சமையல் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாது. நீரைப்போல் தாழ்ந்த இடம் தேடிச் சென்று தேங்கும். இயல்பில் மணமற்ற அவ்வாயுவில், கசிவை நமக்கு உணர்த்துவதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கையும் வாயுவோடு குழியிலேயே கிடந்தது. குனிந்தவர் மூக்குக்கு எட்டியது. நிமிர்ந்து நின்றவன் மூக்குக்கு எட்டவில்லை. ஆகவே புதிய அடுப்பு எதுவாயினும், அது சமதரையின் மேல், நான்கு புறமும் திறந்த காலுடைய சட்டத்தின் மீது நிற்பதாக இருக்க வேண்டும். பள்ளத்தில் வைக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி, அடுப்பின் வலிமை. கடைக்காரர்கள் அடுப்பைப் பற்றவைத்து அதன் இரைச்சலைக் காட்டித்தான் விற்கிறார்கள். இரைச்சலால் சோறு வேகாது. கணக்குப் பார்ப்போம். நம் பெரிய அண்டா 100 லிட்டர் கொள்ளும். 28 பாகை வெப்பமுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொணர 7,200 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ வாயு எரிந்தால் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி கிடைக்கும். அப்படியானால் முக்கால் கிலோவுக்கும் குறைவான வாயு போதுமே என்று தோன்றும். ஆனால் வெட்டவெளியில் எழும் வெப்பத்தில் பாதி அண்டாவில் ஏறினாலே பெரிது. காற்று மிகுந்தால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். ஆகவே ஒன்றே கால் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை வேண்டும். ஒரு மணி நேரத்தில் நீர் கொதிக்க வேண்டுமாயின், மணிக்கு அவ்வளவு வாயுவை எரிக்கும் பர்னர் தேவை. நம் வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் மணிக்கு 200 கிராம் அளவில்தான் எரிக்கிறது. அதன்மேல் 100 லிட்டர் அண்டாவை ஏற்றினால், உள்ளே செல்லும் வெப்பமும் வெளியே இழக்கும் வெப்பமும் ஓரிடத்தில் சமமாகி, நீர் கொதிக்காமலே நின்றுவிடும். "இரண்டு வீட்டு அடுப்பைச் சேர்த்து வைத்தால் ஆகாதா?" என்று கேட்ட பொருளாளர் அவர்களுக்கு இதுவே என் விடை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் அமெரிக்க விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, "ஐயா, இதையே வாங்கிவிடலாம்" என்றார். அழகான முக்காலி அடுப்புத்தான். யாருக்காகச் செய்தது என்று படித்துப் பார்த்தால், வீட்டு முற்றத்தில் பீர் காய்ச்சுகிறவர்களுக்காகவாம்! மது அடியெடுத்து வைக்கக் கூடாத மலையின் அடிவாரத்தில், அடியார்க்குச் சுக்குநீர் வைக்க அவ்வடுப்பு வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். ஆயினும் சிரித்து ஒதுக்கிவிட முடியவில்லை. ஊறவைத்து முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை 20 லிட்டர் அளவில், ஒரு மணி நேரம் விடாமல் கொதிக்க வைக்கிறார்கள். அவர்களுக்கும் வெட்டவெளி, அவர்களுக்கும் காற்று. பொங்கி வழிதலும் அடிப்பிடித்தலும் அவர்களுக்கும் உண்டு. நம் பாயசத்துக்கு உள்ள இடர் அத்தனையும் அவர்கள் பானத்துக்கும் இருக்கிறது. அவர்களுடைய அனுபவத்தில் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அடுப்பை எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே எரிவது புரோப்பேன். கடுங்குளிரிலும் அது ஆவியாகும். உறைநிலைக்கு 42 பாகை கீழேதான் அது நீர்மமாகும். பியூட்டேனோ உறைநிலையை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். நம் நாட்டுச் சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கின்றன. வாயுவுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றபடிதான் ஜெட்டின் துளையை அமைப்பார்கள். அவர்கள் துளையும் நம் வாயுவும் பொருந்தும் என்று நம்ப இடமில்லை. சிலிண்டரில் மாட்டும் ரெகுலேட்டரும் வேறு.

அந்த விளம்பரத்திலிருந்து நான் கற்றது சுடரின் வடிவம். ஒரே துளை வழியே சீறும் பர்னர் ஒருவகை. வட்டமாகப் பல துளைகள் உள்ளது மற்றொரு வகை. முன்னது வெறும் நீர் கொதிக்க வைக்க நன்று. ஆனால் அதன் சுடர் அண்டாவின் நடுவயிற்றில் குத்தி நிற்கும். அரிசியும் பருப்பும் வெல்லமும் அந்த இடத்தில் கரிந்து, ஓரத்தில் வேகாமல் கிடக்கும். நமக்கு வேண்டியது இரண்டு வளையமுள்ள பர்னர். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் தனித்தனித் திருகு இருக்க வேண்டும். கொதிவரும் வரை இரண்டும், பிறகு உள்வளையம் மட்டும். மிகத் தணித்து வைத்தாலும் அணையாத சுடரா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். பெரிதாக எரிவதை மட்டும் பார்ப்பது போதாது. சுடர் நீலமாக இருக்கட்டும். மஞ்சளாக நீண்டால் உள்ளே காற்றுப் போதவில்லை. அண்டாவில் கரி ஏறும், வாயுவும் வீணாகும்.

காற்றுத் தடுப்பை அடுப்போடு சேர்ந்த தகட்டு வளையமாகவே வாங்கிவிடலாம். அதன் அடிப்பாகம் திறந்திருக்க வேண்டும். மேல்விளிம்புக்கும் அண்டாவுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். வளையம் அடுப்பை மட்டும் சூழட்டும். சிலிண்டரையும் சேர்த்துத் தட்டியால் மறைப்பதை நான் பல திருவிழாக்களில் கண்டிருக்கிறேன்; அது தீயையும் எண்ணெயையும் ஒரே அறையில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர் நிறைந்த அண்டா 120 கிலோவுக்குக் குறையாது. கனத்த ஆங்கிள் இரும்பில் நான்கு கால். சமையற்காரரின் முழங்காலுக்கு மேற்படாத உயரம். உயரமான மேடை பார்வைக்கு நன்றாயிருக்கும். கொதிக்கும் அண்டாவை இறக்கும் இருவரைக் கேளுங்கள், அவர்கள் வேறு சொல்வார்கள்.

சிலிண்டருக்கு வருவோம். வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரை அன்பர்கள் சிலர் அன்போடு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது சட்டப்படி கூடாது. நமக்குரியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். அதிலும் ஒன்றை மட்டும் மாட்டிப் பெரிய அடுப்பை முழுவீச்சில் எரித்தால், நீர்மம் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே இழந்து சிலிண்டர் குளிர்ந்துவிடும். வெளிப்புறம் வியர்க்கும், சில வேளை வெண்பனி படியும், வாயு பாதி மீதமிருக்கச் சுடர் சோர்ந்துவிடும். அப்போது சிலர் வெந்நீர் ஊற்றுவதையும், சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுவதையும் பார்த்திருக்கிறேன். படுக்க வைத்தால் நீர்மமே குழாயில் பாயும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. இரண்டு சிலிண்டர்களை ஒரு பொதுக்குழாயில் இணைத்துவிட்டால் சுமை பங்கிடப்படும். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இடையே பத்தடித் தொலைவாவது வேண்டும். அதற்குக் கம்பிப் பின்னல் உள்ள குழாய் வாங்கும் செலவை நான் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறேன். செயற்குழுவில் அந்த ஒரு வரியை அடித்துவிடலாம் என்றார்கள். அடுப்பில் வேண்டுமானால் மலிவானதைப் பாருங்கள், குழாயில் வேண்டாம்.

மேலே திருமலையில் என்ன செய்கிறார்கள் என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் நம்மைப்போல் நூறு லிட்டரில் நிற்பவர்கள் அல்லர். 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானத்துக்காக 2002-இல் 106 சூரியத் தட்டுகளை நிறுவி, நாளொன்றுக்கு 15,000 பேருக்கு நீராவியில் சமைக்க ஏற்பாடு செய்தார்கள். 2019-இல் பூந்தி வார்க்கும் கூடத்தில் நெய்ப்பிசுக்கில் தீப்பற்றியது. 2021-இல் திறந்த புதிய கூடத்தில், வேறிடத்தில் சூடாக்கிய எண்ணெயைக் குழாய்களில் ஓடவிட்டு, நெய்யின் அருகே சுடரே இல்லாமல் வாணலியைக் காய்ச்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு எட்டாது. ஆனால் எரிபொருளை ஒருபுறமும் தீயை ஒருபுறமுமாகப் பிரித்து வைக்கும் அந்தக் கருத்து, பத்தடிக் குழாய் அளவுக்கு நமக்கும் எட்டும். அங்கே போகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகச் சற்று நேரம் கூடும். அதற்காக அடுப்பைக் குறைசொல்ல வேண்டாம்.

சமையற்காரர் ஐயா இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இவ்வாண்டும் வருவீர்களா என்று கேட்கச் சென்றபோது, "குழியை மூடினீர்களா?" என்று மட்டும் கேட்டார். சென்ற வாரம் செம்மண் கொட்டி, திமிசு போட்டு, மூடிவிட்டோம். மூன்று கடைகளின் விலைப்பட்டியலும் செயலாளரிடம் இருக்கின்றன. வரும் ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு அதே திடலில், காற்று வீசும் நேரமாகப் பார்த்து, இரவல் வாங்கிய இரண்டு வளைய அடுப்பில் 100 லிட்டர் நீரை வைத்துப் பார்க்கப் போகிறோம். சிலிண்டரை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கத் தராசு கிடைத்துவிட்டது. குழாய் இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சவர்க்கார நீர் தாய்மார்கள் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.