ஒரே வண்டி, ஒரே விதி



தேர்வு அறையில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாளைத்தான் கொடுக்கிறோம். அப்பொழுதுதான் மதிப்பெண் படிப்பின் அளவைக் காட்டும். இவ்வெளிய நீதி விளையாட்டுக்கும் பொருந்தும். வானொலி அலையால் இயங்கும் சிறு கார்களின் பந்தயத்தைச் சான்றாகக் கொண்டு அதை விளக்க விரும்புகிறேன்.

கம்பியின் தொடர்பின்றித் தொலைவிலிருந்தே ஒரு பொருளை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் சிறு படகு ஒன்றை ஓட்டிக் காட்டி மெய்ப்பித்தார். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் வானொலிக் காரை வெளியிட்டது. போர்ஷே காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவம் அது.

இத்தகைய கார்களை வைத்துப் பந்தயம் நடத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பணமுள்ளவன் விரைவான மோட்டாரை வாங்குகிறான்; அடுத்தவன் அதனினும் விரைவானதைத் தேடுகிறான். நாளடைவில் போட்டி கைகளுக்கிடையே நிகழாமல் பைகளுக்கிடையே நிகழ்கிறது. ஈடுகொடுக்க இயலாதவன் ஒதுங்கிவிடுகிறான். இறுதியில் வென்றவனுக்கும் எதிராளி இல்லை.

இதற்கு மாற்றாக அமைந்ததே ஒரேவகை வண்டிப் பந்தயம். 2013-இல் வெளிவந்த டாமியா டிடி-02 போன்ற ஒரு வண்டியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மோட்டார், பற்சக்கரம், டயர் யாவும் எல்லாருக்கும் ஒன்றே. “விதியில் அனுமதிக்கப்படாத எதையும் மாற்றலாகாது” என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். தொடர் முடியும்வரை அவ்விதியைத் திருத்தலாகாது.

ஒரே தொழிற்சாலையில் செய்த இரு மோட்டார்களும் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஆதலால் நடத்துவோரே மோட்டார்களைத் தம் பொறுப்பில் வைத்திருந்து, காலையில் குலுக்கல் முறையில் வழங்கி, மாலையில் திரும்பப் பெறுவது நன்று. பந்தயம் முடிந்தபின்னும் சோதனை வேண்டும். அதிலும் வென்றவன் வண்டியையே முதலில் சோதிக்க வேண்டும்.

தகுதிச் சுற்றில் பெற்ற நேரத்தைக் கொண்டு இறுதிப் பந்தயங்களைப் பல பிரிவுகளாக வகுப்பார்கள். கடைசிப் பிரிவினனுக்கும் தனக்கு நிகரானவரோடு போட்டியிடும் வாய்ப்புக் கிடைக்கும். ஒருவன் பெற்ற புள்ளிகளில் மிகக் குறைந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், நோயால் ஒரு நாள் வராதவனும் நம்பிக்கை இழக்க மாட்டான்.

“எல்லாம் ஒன்றானால் புத்தாக்கம் அழியாதா?” என நீங்கள் கேட்கலாம். புதியன புனைவோருக்குத் தனிப் பிரிவு இருக்கட்டும். இங்கே வளர்வது வேறு திறமை: வளைவில் பொறுமை, வண்டியைப் பேணும் ஒழுங்கு, தன் கையை அடக்கும் ஆற்றல்.

இப்பந்தயங்களில் என் மனத்தைக் கவர்ந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒரு சுற்றை ஓடி முடித்தவர்கள் அடுத்த சுற்றில் வளைவுகளில் நின்று, கவிழும் வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும். புள்ளிப் பட்டியலில் தன்னை முந்தி நிற்பவனின் வண்டியேயாயினும் தாமதியாமல் நிமிர்த்த வேண்டும். நான் பல ஆண்டுகள் வகுப்பில் நீதிநூல்களை விளக்கியவன். அவை கூறும் நடுவுநிலைமையை இவ்வளவு சுருக்கமாகப் பயிற்றும் பாடம் வேறொன்றை நான் காணவில்லை.

ஒருவகை வண்டியானாலும் விலை உண்டு என்பதை நான் மறக்கவில்லை. ஆதலின் பள்ளிகள் சில வண்டிகளைப் பொதுவில் வாங்கி, மாணவர் முறைவைத்து ஓட்டலாம். விதிகள் தெளிவாகவும் சோதனை நேர்மையாகவும் இருந்தால் நான்கு வண்டிகளே போதும். நல்லதொரு தொடரைத் தொடங்கிவிடலாம்.