கல்பாக்கத்துக் கதவு ஏன் மூடியிருக்கு?

எனக்குப் புதுக்கோட்டை. மேப்ல எங்க ஊர்லேருந்து நேர்கோடு போட்டுப் பாருங்க. வடக்கே கல்பாக்கம், தெற்கே கூடங்குளம், ரெண்டுமே ஏறக்குறைய 280 கிலோமீட்டர். ஆனா சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கூடங்குளம் உலைக்குள்ள போகலாம். கல்பாக்கம் உலைகளுக்குள்ள போக முடியாது.

அவங்க போய் என்ன பண்றாங்க? 2021 தேர்தல்ல ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு, மே 2 எண்ணிக்கை. நடுவுல சில ராத்திரி, கட்சி ஏஜென்டா இருந்த மாமாவோட ஸ்ட்ராங் ரூமுக்கு வெளியே நானும் உட்கார்ந்திருந்தேன். கதவுல சீல், கேமரா, எங்க முன்னாடி ஒரு டிவி. மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு நாங்க பார்க்கல. வெச்சது வெச்ச இடத்துல இருக்கான்னு பார்த்தோம். முகமையும் அப்படித்தான், எரிபொருள் கட்டுகளை எண்ணும், சீல் வைக்கும். உலையில விபத்து நடக்காதுன்னு அது உத்தரவாதம் தர்றதில்ல. தமிழ்ல ரெண்டையுமே 'பாதுகாப்பு'ன்னு எழுதிடறோம், பாதிக் குழப்பம் அதனாலதான். எண்ணுறது எதுக்குன்னா, ஒரு குண்டுக்குப் போதும்னு முகமை வெச்சிருக்கிற அளவு வெறும் 8 கிலோ புளூட்டோனியம்.

1974 பொக்ரான் சோதனைக்குப் புளூட்டோனியம் வந்தது, கனடா கொடுத்த சைரஸ் ஆராய்ச்சி உலையிலேருந்து. கனடா விலகிக்கிச்சு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை நாமே கட்டினோம், அதனால வெளியார் நிபந்தனை இல்ல. கூடங்குளம் ரஷ்ய உலை, நிபந்தனையோடதான் வந்தது. 2006 பிரிப்புத் திட்டத்துல 22 மின் உலைகள்ல 14 கண்காணிப்புக்குள்ள போச்சு. கல்பாக்கம் வெளியவே நின்னுச்சு.

அங்கதான் 500 மெகாவாட் வேக ஈனுலை இருக்கு. 2024 மார்ச்ல 'கோர் லோடிங்' வேலையை ஆரம்பிச்சாங்க. அதோட எரிபொருள்லயே புளூட்டோனியம் இருக்கு, ஓட ஓட இன்னும் உண்டாகும். இது இன்னும் ஆராய்ச்சி நிலைன்னு 2006ல அரசு சொன்னது. அன்னிக்கு நியாயம்தான். கரண்ட் விக்க ஆரம்பிச்ச பிறகும் அதையே சொன்னா எனக்கு ஒட்டாது. ஈரான்ல 2025 ஜூன் தாக்குதலுக்கு அப்புறம், 60 சதவீதம் செறிவூட்டின 400 கிலோவுக்கு மேலான யுரேனியத்தை ஆய்வாளர்களால போய் எண்ண முடியல. ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க.

இனி வர்ற சிவில் ஈனுலைகளைக் கண்காணிப்புக்குள்ள வைப்போம்னும் அதே 2006ல இந்தியா ஒத்துக்கிச்சு. எது சிவில்ங்கறதை மட்டும் நாமதான் முடிவு பண்ணுவோம். கல்பாக்கத்துல இன்னும் ரெண்டு ஈனுலைக்குத் திட்டம் இருக்கே, அது எந்தப் பட்டியல்? கட்டுறதுக்கு முன்னாடியே நாடாளுமன்றத்துல கேக்கலாம். புதுக்கோட்டைக்குன்னு இருந்த எம்.பி. தொகுதி 2008 மறுசீரமைப்புல போயிடுச்சு. மாவட்டம் இப்ப திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம்னு நாலு தொகுதியில சிதறிக் கிடக்கு. ஒரு வசதி, நாலு எம்.பி.க்கு லெட்டர் போடலாம். நான் போட்டிருக்கேன்.