சேற்றில் நிற்கும் சிறுமி: மியாசாகியின் ஒரு காட்சியை முன்வைத்து

  

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் அசைவூட்டப் படம் 'ஸ்பிரிட்டட் அவே' 2001இல் வெளிவந்தது. 2002இல் பெர்லினில் தங்கக் கரடி, 2003இல் ஆஸ்கர். படம் கண்ணுக்கு விருந்து என்பதில் யாருக்கும் பேதமில்லை. அதில் வரும் பத்து வயது சிஹிரோ வளர்கிறாளா என்பதில்தான் எனக்கும் துறை நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு. ஓவிய அழகில் மயங்கி வளர்ச்சி என்கிறோம் என்பது அவர்கள் கட்சி. இது வளர்ச்சிக் கதையன்று, உள்ளே இருப்பது வெளிப்படும் கதை என மியாசாகியே சொன்னதைச் சாட்சிக்கு இழுப்பார்கள். படைத்தவர் வாக்கு தீர்ப்பாகிவிடாது. திரையைப் பார்ப்போம்.

மழை இரவு. தெய்வங்கள் நீராடும் மாளிகைக்குச் சேறு வழிய ஒரு விருந்தாளி வருகிறது. நாற்றத்தில் சோறே கெட்டுப்போகிறது. முதலாளியம்மா யுபாபா அந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த சிஹிரோவின் தலையில் கட்டுகிறாள். விருந்தாளி நீட்டிய கட்டணத்தை, சேறும் காசுமாக, வெறுங்கையில் வாங்குகிறாள் பெண். மூலிகைத் தண்ணீர் திறக்கப் போய்த் தொட்டியில் தலைகீழாக விழுகிறாள். எழுந்ததும் அலறவில்லை, சேற்றைத் துழாவுகிறாள். முள் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோரும் இழுத்தால் வருவது சைக்கிள்! பின்னாலேயே குப்பை மலை. கடைசியாக ஒரு தூண்டில் நரம்பு; அதை அவளே உருவுகிறாள். வந்தது நாற்றப் பேயல்ல, ஒரு நதி. ஊர் ஆற்றைத் துப்புரவு செய்தபோது சைக்கிள் ஒன்று வெளிவந்த அனுபவம் மியாசாகிக்கு உண்டு.

இந்தக் காட்சியில் அழகையும் வளர்ச்சியையும் எங்கே பிரிப்பீர்கள்? சேற்றின் ஒவ்வொரு வழிசலையும் அத்தனை அக்கறையோடு வரைந்திருப்பதால்தான் அந்தக் கை உள்ளே போவதன் கனம் நமக்குத் தெரிகிறது. தொடக்கத்தில் மரப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியவள், பின்னால் சட்டைக் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு, சுவரோரக் குழாய்மேல் ஓடுகிறாள். இது வளர்ச்சியில்லை என்றால் வேறு எது?

சேற்றில் கைவிடுவது என்றால் என்ன என்பதை விம்கோ நகர்ப் பெரியோரான உங்களுக்கு விளக்கவே வேண்டாம். கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததைக் கண்டவர்கள் நீங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வாளியும் மக்குமாக அள்ளியவர்கள் நம் மீனவர்கள். அழகு, முதிர்ச்சி என்று கருத்தரங்கில் நாங்கள் தனித்தனித் தலைப்பாகப் பிரித்து வைத்திருப்பது இங்கே செல்லாது.

படத்தில் ஜோ ஹிசாய்ஷியின் இசை, தண்ணீர்மேல் ஓடும் ரயில், தூர்த்து வீடு கட்டப்பட்ட ஆற்றின் தெய்வமான ஹாக்கு: தனித்தனியே பேச வேண்டியவை, நேரமில்லை. வளர்ச்சி வரைந்த முகத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேறொரு படமும் உண்டு: யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய இந்திய-ஜப்பானிய இராமாயணப் படம் 2025இல் தமிழ்க் குரலில் திரைக்கு வந்தது. இராமன் முகம் அதில் எங்கெங்கே மாறுகிறது என்று இளைய ஆய்வாளர் யாரேனும் பார்க்கலாம். ஆற்றுத் தெய்வங்களை நம் படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்பதும் நல்ல தலைப்பே.

மறுப்புள்ள நண்பர்களே, எழுத்தில் தாருங்கள். மியாசாகி பேட்டியை விட்டுவிட்டு, காட்சியைச் சுட்டி எழுதுங்கள்.